சுவிஸ் டிராவல் பாஸ்: மாதத்தை முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்

சுவிட்சர்லாந்தில் ரயில், பஸ், படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்டாகச் செல்லும் இந்த டிராவல் பாஸ் நல்ல பாஸ். கொடுத்த காசுக்கு ஒரு ரூபாய்கூட வீண் இல்லை. ஆனால் இதை எந்த மாதத்தில் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, இதே பாஸ் தங்கமாகவும் இருக்கும், வெறும் ரயில் சீட்டாகவும் இருக்கும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊரில் நாலு பேராவது அடுத்த வருடம் போகப் போவதாகக் கேட்கிறார்கள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரி. நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் 21 வருடமாக இருக்கிறேன். கணவர் அரசுப் பள்ளி ஆசிரியர். மகனுக்கு 14 வயது. அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, 69. நாங்கள் தைத்து அனுப்பும் ஷூக்கள் எல்லாம் ஐரோப்பாவுக்குத்தான் போகின்றன. ஒரு தடவையாவது அங்கே சுவிட்சர்லாந்து மலையை நேரில் பார்க்க வேண்டும் என்று ஏழு வருடம் சீட்டு கட்டிச் சேர்த்த பணம் இது.

முதலில் 2023-ல் போவதாக இருந்தது. இங்கே ஒரு டிராவல்ஸில் ஏப்ரல் கடைசி வாரத்துக்கு பேக்கேஜ் போட்டுக் கொடுத்தார்கள். பள்ளி விடுமுறை, நமக்கும் வெயில் தாங்காத நேரம், அங்கே பனியும் இருக்கும், எல்லா மலையும் பார்க்கலாம் என்றார்கள். முன்பணமும் கட்டிவிட்டோம். ஒரு நாள் ராத்திரி கணவர் சும்மா உட்கார்ந்து பட்டியலில் இருந்த ஒவ்வொரு இடமாகத் தேடிப் பார்த்தார். ஒரு ரோப்கார் அந்த வாரம் முழுக்கப் பராமரிப்புக்காக நிற்கும் என்று அதன் இணையதளத்திலேயே போட்டிருந்தது. இன்னொரு மலை ரயில் ஜூனில்தான் ஓட ஆரம்பிக்கும். டிராவல்ஸில் போய்க் கேட்டால், "அதுக்குப் பதிலா ஷாப்பிங் கூட்டிட்டுப் போவாங்க மேடம்" என்றார்கள். நாங்கள் வேண்டாம் என்று விட்டோம். முன்பணத்தில் 25,000 ரூபாய் திரும்பி வரவில்லை. அந்தக் கோபத்தில்தான் எல்லாவற்றையும் நாமே பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நமக்குக் கோடை விடுமுறை என்பது அந்த மலைகளுக்கு இரண்டுங்கெட்டான் காலம். ஏப்ரல், மே மாதங்களில் கீழே பள்ளத்தாக்கு பச்சைப் பசேல் என்று இருக்கும். பனி உருகி அருவிகளில் தண்ணீர் நிரம்ப வரும். அதற்கு மட்டும் போகிறவர்களுக்கு மே நல்ல மாதம். ஆனால் மேலே நடைபாதைகளில் பனி இன்னும் போயிருக்காது. பனிச்சறுக்கு முடிந்து கோடைக் கூட்டம் வருவதற்கு முன்னால், ரோப்கார்களைக் கழற்றிப் பூட்டுவதற்கு அவர்களுக்குக் கிடைக்கிற இடைவெளி அதுதான். நவம்பரிலும் அப்படியே. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கிட்டத்தட்ட எல்லாம் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அதிகம், அறை வாடகையும் அதிகம், மத்தியானத்துக்கு மேல் இடி மழை பிடித்துக்கொள்ளும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பனி. ஆனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஏரிப் படகுகளும் குறைந்துவிடும். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஒரே பாஸுக்கு ஜூனில் கிடைக்கும் நாள் நீளம், டிசம்பரில் பாதிதான்.

நாங்கள் காலாண்டு விடுமுறையோடு கொஞ்சம் விடுப்பும் சேர்த்து 2024 செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்று முடிவு செய்தோம். விசாவுக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்தாக வேண்டும். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். காட்பாடியில் காலை ரயில் ஏறி சென்னையில் கைரேகை கொடுத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தோம். அதைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

இப்போது பாஸ். 3, 4, 6, 8, 15 நாள் என்று விற்கிறார்கள். தொடர்ச்சியான நாட்கள். விட்டு விட்டுப் பயணம் செய்ய ஃப்ளெக்ஸ் என்று தனியாக ஒன்று உண்டு. நாங்கள் 8 நாள், இரண்டாம் வகுப்பு எடுத்தோம். ஆளுக்கு 400 சுவிஸ் பிராங்குக்கு மேல். கேட்டதும் தலை சுற்றும், எனக்கும் சுற்றியது. ஆனால் இதில் ரயில், பஸ், ஏரிப் படகு, ஊருக்குள் ஓடும் டிராம் எல்லாம் அடக்கம். 16 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு ஃபேமிலி கார்டு என்று இலவசமாகத் தருகிறார்கள், பெற்றோரில் ஒருவராவது கூட இருக்க வேண்டும். ஆக நான்கு பேருக்கு மூன்று பாஸ்தான். கைபேசியில் ஒரு சதுரக் கட்டம் வரும், டிக்கெட் பரிசோதகர் அதைப் பார்த்துவிட்டு சில சமயம் பாஸ்போர்ட்டும் கேட்பார். நான் நான்கு பேர் பாஸ்போர்ட்டையும் புடவைக் கடைத் துணிப்பையில் போட்டு கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிந்தேன்.

எல்லா மலையும் இந்தப் பாஸில் இலவசம் என்று நம் ஊரில் சொல்கிறார்கள். அது தப்பு. ரீகி, ஸ்டான்சர்ஹார்ன், ஸ்டூஸ் ஆகியவை முழுக்க இலவசம். கோர்னர்கிராட், டிட்லிஸ், பிலாட்டஸ் போன்றவற்றுக்குப் பாதி விலை. யுங்ஃப்ராயோக் போக கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரை பாஸ் செல்லும், அதற்கு மேல் 25 சதவீதம்தான் தள்ளுபடி. கிளேசியர் எக்ஸ்பிரஸ் மாதிரி கண்ணாடிக் கூரை ரயில்களில் டிக்கெட் பாஸில் வரும், இருக்கை முன்பதிவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரே ஊரில் தங்கி இரண்டு மூன்று உயரமான மலை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் ஹாஃப் ஃபேர் கார்டு என்று ஒரு மாதத்துக்கு ஒன்று இருக்கிறது, அதில் யுங்ஃப்ராயோக்கூட பாதி விலைக்கு வந்துவிடும். அது உங்களுக்கு லாபமாக இருக்கலாம். நோட்டில் இரண்டு பக்கமும் போட்டுக் கூட்டிப் பாருங்கள், நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கும் வயதானவர்களோடு போகிறவர்களுக்கும் டிராவல் பாஸ்தான். அத்தைக்கு மூட்டு வலி. இன்று எழுந்திருக்க முடியவில்லை என்றால் திட்டத்தை அப்படியே மாற்றிப் படகில் உட்கார வைத்துவிடலாம், ஒரு டிக்கெட்டும் வீணாகாது. இந்த நிம்மதிக்கே நான் இன்னொரு 50 பிராங்க் தருவேன்.

ரீகியில்தான் முதல் நாள் போனோம். லுசேர்னில் காலையில் மூடுபனி. எதிரில் இருக்கும் பாலம் தெரியவில்லை. மகன் முகம் வாடிவிட்டது. படகில் விட்ஸ்னாவ் வரை போகும்போதும் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளை. அங்கிருந்து பல்சக்கர ரயில். 1871-ல் ஐரோப்பாவிலேயே முதலில் ஓடிய மலை ரயில் இதுதான். பாதி தூரம் ஏறியிருப்போம், சட்டென்று வெயில் கண்ணில் அடித்தது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த ஏரி, ஊர் எதுவும் இல்லை. பாலை ஊற்றி வைத்த மாதிரி பனி மட்டம், அதிலிருந்து மலைகள் தீவு தீவாக நிற்கின்றன. இலையுதிர் காலத்தில் இப்படித்தானாம், கீழே நாள் முழுக்க மூட்டமாக இருக்கும், ஆயிரம் மீட்டருக்கு மேலே நல்ல வெயில் காயும். அறை சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு இன்று மலை தெரியாது என்று படுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு உச்சியிலும் கேமரா வைத்திருக்கிறார்கள், அந்த நிமிடம் மேலே எப்படி இருக்கிறது என்று கைபேசியிலேயே தெரியும். அதைப் பார்க்காமல் நாங்கள் ஒரு நாளும் கிளம்பவில்லை.

ஷூ விஷயம் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் என் நாத்தனார், தன் வீட்டில் பரணில் இருந்த டிரெக்கிங் ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல விலை ஷூ, இரண்டு தடவைதான் போட்டதாம், ஆறேழு வருடமாக டப்பாவிலேயே இருந்தது. அப்பர் தோல் பளபளவென்று புதுசு மாதிரி இருந்தது. நான் சோலுக்கும் அப்பருக்கும் நடுவில் இருக்கும் அந்த மெத்தைப் பகுதியில் கட்டை விரல் நகத்தை வைத்து அழுத்தினேன். நகம் உள்ளே இறங்கியது. எடுத்தால் வேர்க்கடலை உருண்டை உதிர்கிற மாதிரி பொல பொலவென்று கொட்டியது. பாலியூரித்தேன் அப்படித்தான். காற்றில் இருக்கும் ஈரத்திலேயே வருடக்கணக்கில் அது கெட்டுப்போகும், போடாமல் வைத்திருந்தாலும் கெடும். எங்கள் கம்பெனியில் இதை வாரம் தவறாமல் பார்க்கிறவள் நான். அதைப் போட்டுக்கொண்டு மலைச் சரிவில் நடுவழியில் சோல் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்! இரவல் ஷூ, பரண் ஷூ எதுவானாலும் முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சோலை இரண்டாக வளைத்து ஒட்டில் கோடு விழுகிறதா என்று பாருங்கள். புதிதாக வாங்கினால் சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய், தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கிற அளவில் வாங்குங்கள். இறங்கும்போதுதான் விரல் முன்னால் போய் இடிக்கும். ஒரு மாதம் போட்டுப் பழகுங்கள். நான் தினமும் காலை கோட்டையைச் சுற்றி அகழி ஓரமாக நடந்து பழக்கினேன். அங்கே எட்டு நாளில் எங்கள் நான்கு பேர் காலிலும் ஒரு கொப்புளம் இல்லை.

இன்டர்லாக்கனில் நான்கு இரவு, சமையலறை இருக்கும் சின்ன வீடாக எடுத்தோம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, பூண்டுத் தொக்கு இங்கிருந்தே போயிற்று. அரிசி, தயிர் அங்கே கடையில் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும், ரயில் நிலையத்தில் இருப்பது மட்டும் திறந்திருக்கும். சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், தெருவில் இருக்கும் நீரூற்றில் பிடித்துக் குடிக்கலாம். நம் ஊரில் குடத்தோடு காத்திருந்து வளர்ந்த அத்தை, அந்தத் தண்ணீர் யாரும் மூடாமல் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ரயில் நிலையத்தில் நாங்கள் பேசுவதைக் கேட்டு ஒருவர் திரும்பிப் பார்த்தார். யாழ்ப்பாணம், முப்பது வருடமாக அங்கேதான் இருக்கிறார். மறுநாள் யுங்ஃப்ராயோக் போகப் போவதாகச் சொன்னோம். "நாளைக்கு ஃபோன் காத்து அடிக்கும் அக்கா. மலையெல்லாம் கிட்டத் தெரியும், ஆனா மேல போக ஏலாது. பள்ளத்துக்குள்ள நில்லுங்கோ" என்றார். ஃபோன் என்பது தெற்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் சூடான வறண்ட காற்று. அது வீசும்போது வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஆனால் ரோப்கார்களை நிறுத்திவிடுவார்கள். காலையில் கேமராவில் பார்த்தால் உச்சியில் பனிப்புழுதி பறக்கிறது. அவர் சொன்னபடியே பள்ளத்தாக்கில் நின்றோம். லாட்டர்புருன்னனில் ஸ்டாவ்பாக் அருவி 297 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, காற்றில் தரைக்கு வந்து சேருவதற்குள் பாதி பறந்துபோய்விடுகிறது. அங்கிருந்து பஸ்ஸில் டிரும்மெல்பாக். மலைக்கு உள்ளேயே பத்து அருவிகள், நொடிக்கு 20,000 லிட்டர் வரை தண்ணீர். இதற்குப் பாஸ் செல்லாது, நுழைவுக் கட்டணம் தனி. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள். படிகள் ஈரம், வழுக்கும். லிஃப்ட் இருந்தும் அத்தையை நாங்கள் கீழேயே உட்கார வைத்துவிட்டோம். அது நல்லதாகப் போயிற்று. சாலையில் மாடுகள் இறங்கி வந்துகொண்டிருந்தனவாம், கோடை முழுக்க மேலே மேய்ந்துவிட்டுச் செப்டம்பரில் ஊர் திரும்பும் மாடுகள். கழுத்தில் பானை அளவு மணி, தலையில் பூ. நாங்கள் வெளியே வந்ததும், "நம்மூரு மாட்டுப் பொங்கல் இங்க இப்ப வருது பாரு" என்று ஒவ்வொரு மாடாக வர்ணித்தார். நாங்கள் பார்க்கவில்லை. அருவியைவிட அதைப் பார்த்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் இருக்கிறது.

யுங்ஃப்ராயோக்குக்குக் கடைசிவரை போகவில்லை. 1912-லிருந்து ஓடும் ரயில், எய்கர் மலையையே குடைந்து 3,454 மீட்டருக்கு ஏறுகிறது, மகனுக்கு அதுதான் கனவு. ஆனால் தள்ளுபடி போகவும் விலை அதிகம், அத்தைக்கு ரத்த அழுத்தம் வேறு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதற்குப் பதிலாக மூரனுக்குப் போனோம். கார் நுழையாத கிராமம், அங்கே வரை பாஸிலேயே போகலாம். எதிரில் எய்கர், மோன்க், யுங்ஃப்ராவ் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். செலவு ஒன்றும் இல்லை.

கோர்னர்கிராட்டுக்கு மட்டும் பாதி விலை கொடுத்துப் போனோம், டாக்டரிடம் கேட்டு மாத்திரையும் வாங்கிக்கொண்டு. விஸ்ப் என்ற ஊரில் தங்கி, பாஸிலேயே செர்மாட் வரை ரயில். அங்கிருந்து 3,089 மீட்டர் உயரத்துக்கு மலை ரயில். நடைமேடையில் நின்றபோது அத்தை தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக இரும்புப் பட்டைகள், ஒன்றன் பல் இன்னொன்றின் இடைவெளிக்கு நேராக வருகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில் பதித்திருக்கிறார்கள். மசகு எண்ணெய் கறுப்பாக மின்னுகிறது. "இன்னாம்மா இது, ஊட்டி ரயில்ல பார்த்த மாதிரியே கீது" என்றார். கல்யாணமான புதிதில் மாமாவோடு மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு அந்த ரயிலில் போனவர். அவர் சொன்னது சரிதான். ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் 1882-ல் கண்டுபிடித்த பல்சட்டம் இது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் நம் நீலகிரி ரயில் ஏறுவதும் இதே ஆப்ட் முறையில்தான். அந்த ரயிலை இழுத்த நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்டூரில் செய்து அனுப்பியவை. கணவர் இதைச் சொன்னதும் அத்தை அந்தப் பல்சட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மாமா போய் ஒன்பது வருடம் ஆகிறது.

மேலே மேட்டர்ஹார்ன் சிகரம் முழுசாகத் தெரிந்தது, 4,478 மீட்டர், ஒரு மேகம் இல்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று கணக்கு. ஏலகிரி ஏறும்போது ஒரு துண்டு போதும், இங்கே கீழே ஸ்வெட்டர் போதும் என்று இருந்தது, மேலே போனதும் பல் தந்தி அடித்தது. ஒரு தடித்த கோட்டைவிட, மெல்லிசாக மூன்று சட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மேலே காற்று புகாத ஜாக்கெட் போடுவது நல்லது. உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரும்.

குறை என்று சொன்னால் இரண்டு. எது இலவசம், எது பாதி, எது கால் என்று ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு விதி, அதை உட்கார்ந்து படித்தால்தான் புரியும். இரண்டாவது, தொடர்ச்சியான நாட்கள் என்பதால் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் பாஸ் ஓடிக்கொண்டே இருக்கும். எட்டில் ஒரு நாளை நாங்கள் துணி துவைத்துத் தூங்கிக் கழித்தோம். வயதானவர்களோடு 8 நாள் பாஸ் வாங்குகிறவர்கள், வந்து இறங்கிய நாளிலேயே தொடங்காமல் மறுநாள் காலையிலிருந்து தொடங்குங்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ஜூரிச்சில் ஏரிக்கரையில் நின்றோம். மறுநாள் விமானம். பெட்டியெல்லாம் அறையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்திருந்தோம். படகு ஒன்று கிளம்பத் தயாராக நின்றது. அத்தை என் கையைப் பிடித்து, "நாளைக்குன்னா காசு குடுக்கணும், இன்னைக்கு இன்னும் பாஸ் இருக்குதில்ல?" என்றார். ஓடிப் போய் ஏறினோம்.